அணைக்காமல் விட்ட கணினி

திருவண்ணாமலையில் எது கெட்டாலும் பழியைப் பௌர்ணமி தலையில் போட்டுவிடலாம். கடையில் பால் தீர்ந்தால் பௌர்ணமி, ஆட்டோ வராவிட்டால் பௌர்ணமி, போனில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால் பௌர்ணமி. மலையைச் சுற்ற வந்த ஜனம் மொத்தமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வீடியோ அனுப்பினால் டவர்தான் பாவம் என்ன செய்யும்? ஆகவே, அலுவலகத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மணிமொழியின் திரையில் முதல் தடவை 'கனெக்‌ஷன் டைம் அவுட்' என்று வந்தபோது, அதற்கான காரணத்தை அலுவலகமே கண்டுபிடித்து அவளிடம் சொன்னது. அவள் மறுக்கவில்லை. அந்த அலுவலகத்துக் கணினிகள் சுவரோரம் ஓடும் ஒயரால் ஒன்றோடொன்று இணைந்தவை. செல்போன் டவருக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தெரிந்தும், "ஆமா, இந்தத் தடவ கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

பௌர்ணமி போய்விட்டது. டைம் அவுட் போகவில்லை.

அலுவலகம் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. செங்கம் சாலையிலும் ரமணாசிரமம் பக்கத்திலும் உள்ள விடுதிகளுக்குப் போனில் அறை பதிவு செய்து கொடுப்பதுதான் தொழில். முதலாளி இராமலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் கை இறுக்கம், அவ்வளவுதான். ஆளுக்கொரு கணினி வாங்கினால் கட்டுப்படி ஆகாது என்று ஒரே ஒரு பெரிய கணினியை வாங்கி மணிமொழியின் அறையில் வைத்திருந்தார். கூடத்தில் ஒவ்வொருவர் மேசையிலும் இருப்பது வெறும் திரையும் சின்னப் பெட்டியும்தான். அவரவர் கணினி, உண்மையில் அந்தப் பெரிய கணினியின் வயிற்றுக்குள் ஓடுகிறது. பாடப்புத்தகம் அதை மெய்நிகர் கணினி என்று சொல்லும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது 'விஎம்'. ஒரே வீட்டில் பல குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குடித்தனம் விழித்திருக்கிறது, எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் மணிமொழி தன் மேசையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து ஒரு மென்பொருள் வழியாகப் பார்ப்பாள். அந்த மென்பொருள்தான் இப்போது பெரிய கணினியை எட்ட முடியாமல், சக்கரம் சுற்றிச் சுற்றி, கடைசியில் கையை விரித்தது. கூடத்திலும் திரைகள் உறைந்து உறைந்து நின்றன.

மணிமொழி நாள் முழுக்க வேலை பார்த்தாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், ஒயரையே மாற்றினாள். வைரஸ் காவல் குறுக்கே நிற்கிறதோ என்று அதைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தாள். பெரிய கணினியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். கடைசியில், பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தாள். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் நோய் தீராது, ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நீளும், அவ்வளவுதான். அதுவும் அவளுக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அவள் மும்முரமாகப் பழுது தேடுவதாகத் தோன்றியது. உண்மையில், பழுது எங்கே இல்லையோ அங்கெல்லாம் பொறுமையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

பழுது எங்கே என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கார்த்திகைத் தீபத்துக்குக் கூட்டம் வரும் என்று இராமலிங்கம் அருணேஷையும் இன்னொரு பெண்ணையும் புதிதாக வேலைக்கு எடுத்தார். அவர்களுக்கும் ஆளுக்கொரு விஎம் போட்டதும் பெரிய கணினியில் மெமரி போதவில்லை. மூச்சு முட்டியது. கூப்பிட்டால் பதில் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆளே இல்லாத குடித்தனம் ஒன்று இருந்தது. பட்டியலில் அதன் பெயர் 'ஆதவன்'. எதிரே, 'ஓடுகிறது' என்று எழுதியிருந்தது.

ஆதவன் மணிமொழியின் கணவன். அதே கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் அறை பதிந்துகொண்டிருந்தவன். புரட்டாசியில் ஒரு நாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "தோ, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று பக்கத்து மேசைக் கவியாவிடம் சொல்லிவிட்டுக் கீழே போனான். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான். நெஞ்சைப் பிடித்தான். சாய்ந்தான். மணிமொழி அந்த நேரத்தில் மாடியில் பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தாள். யாரோ ஓடி வந்து சொன்னபோது கை நிறையக் கறுப்பு மை. அந்தக் கையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எழுந்து போகும்போது திரையைப் பூட்டும் பழக்கம் ஆதவனுக்குக் கிடையாது. அதற்காக மனைவியிடம் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். "பாஸ்வேர்டு போட்டுப் போட்டு விரலு தேயுது மணி, எனக்கு மட்டும் அத எடுத்து வுட்ரு" என்று கெஞ்சி, தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டையும் நீக்க வைத்தான். அன்றைக்கு அவன் எதை எப்படி விட்டுவிட்டுப் போனானோ, அது அப்படியே பெரிய கணினிக்குள் திறந்து கிடந்தது.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. மாமியார் ரேணுகாம்பாள் மகன் படத்துக்கு முன் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார்கள். பைக்கை மணிமொழியின் அண்ணன் ஓட்டிப் போனான். போன் நம்பரை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், அதைச் செய்ய ஒரு ஆள், செய்த பிறகு தலை முழுக ஒரு வாளித் தண்ணீர். விஎம்முக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி சொல்லவில்லை.

அவள் அழவும் இல்லை. இந்த ஊரில் அதுவும் ஒரு பேச்சாயிற்று. "கல்லு மாதிரி கீறா பாரு" என்று காரியத்தன்றே யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. சோறு உப்பாக இருந்ததா, உப்பே இல்லையா என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருந்தது. வேலைக்கு வந்தாள், போனாள். தினமும் காலையில் மென்பொருளைத் திறந்ததும் பட்டியலில் அந்த ஒரு வரியைப் பார்ப்பாள். ஆதவன், ஓடுகிறது. அதைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அந்த வரி இருந்தால் போதும். பார்த்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குவாள்.

அன்றைக்குக் காலையில் கவியா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருபத்து சொச்சம் வயது, வாய் ஓயாதவள். ஆதவன் போனதிலிருந்து இந்த அறைக்குள் வந்தால் மட்டும் குரலைத் தணித்துக்கொள்வாள். இன்று தணிக்க மறந்துவிட்டாள்.

"அக்கா, பெங்களூருக்காரரு லைன்ல கீறாரு. ரூம் பதியறப்போ சக்கரம் சுத்திக்கினே இருக்கு. 'இன்னா ஆபீஸ்மா நடத்துறீங்க'னு கத்துறாருக்கா. நாளிக்கு தீபம் புக்கிங் வேற தொறக்குறோம். எனக்கு அழுவயே வருது."

"பாக்கறேன் கவியா."

"பௌர்ணமிதான் போயிடுச்சே, இன்னும் ஏங்க்கா?"

ஊர் கொடுத்த சாக்கு தீர்ந்துவிட்டது.

கவியாவின் பின்னாலேயே இராமலிங்கம் வந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். பாவம், அவருக்கு இந்தப் பெண்ணிடம் அதட்டிப் பேச இன்னும் மனசு வரவில்லை.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத. சென்னையிலேர்ந்து ஒரு ஆளு மத்தியானம் வரான். எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேர்ந்து போட்டுத் தரேன்றான். நம்ம புக்கிங் விவரமெல்லாம் தனியா பத்திரமா இருக்குதில்ல? அப்புறம் இன்னா."

"அழிக்க வேணாம் சார்."

"அப்ப, ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன். அருணேஷ்கூட அதான் சொல்றான்."

"அதுவும் வேணாம் சார்." தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. "மெமரி வாங்கிக் குடுங்க சார், சரியாயிடும்."

"தீபம் முடியட்டும்மா, கண்டிப்பா வாங்கறேன். இப்ப கடைல சொன்னாலும் வர ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள இன்னா பண்றது?" அவர் தலையைச் சொறிந்தார். "மத்தியானத்துக்குள்ள நீயே எதனா பாரு. இல்லன்னா அவன் வந்து அவன் வழில பண்ணட்டும்."

அவர் போனதும் மணிமொழி தன் மேசைக் கணினிப் பக்கம் திரும்பினாள். ஒரு விஎம்மை இருக்கிற நிலையிலேயே உறையவைத்து ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்க ஒரு வழி உண்டு. நேற்றே செய்து பார்த்தாள். டிஸ்கில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, இனி இருந்தது ஒன்றுதான், ஆதவனின் விஎம்மை அணைப்பது. சென்னையிலிருந்து வருகிறவன் ஆதவனை ஒரு பெயராகக்கூடப் பார்க்க மாட்டான். எல்லாவற்றையும் வாரித் துடைப்பான். அதை அவள் செய்யலாம், அல்லது அவன் செய்வான்.

பட்டியலில் ஆதவன் என்ற வரியை அழுத்தித் திறக்கச் சொன்னாள். சக்கரம் சுற்றியது. டைம் அவுட். மறுபடி அழுத்தினாள். டைம் அவுட். மூன்றாம் தடவை திரை கறுப்பாகி, பிறகு மெதுவாக, மேலிருந்து கீழாக, கணவனின் கணினி திறந்துகொண்டது.

எதற்காகப் பயந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. ஒரு ஓரத்தில் அன்றைய கிரிக்கெட் ஆட்டத்தின் ஸ்கோர், நாலு விக்கெட்டோடு நின்றிருந்தது. நடுவில், அறை பதியும் பக்கம் பாதி நிரப்பியபடி. பெயர்: பாகம்பிரியாள். ஊர், போன் நம்பர். வந்து தங்கும் நாள், தீபத்தன்று. தீபத்துக்கு இன்னும் பதிவே திறக்கவில்லை. திறக்கும் முன் யாருக்கும் எழுதக் கூடாது என்பது அலுவலகச் சட்டம். கெஞ்சிக் கேட்டிருப்பார்கள், இவனும் சரி என்றிருப்பான். அவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. குறிப்பு என்ற இடத்தில் எழுதியிருந்தான்: 'ஐயாவுக்கு மாடி ஏற முடியாது. கீழ் ரூம்லேர்ந்து தீபம் தெரியணும். அடி அண்ணாமலை இருசப்பன் வீடு, பின்பக்க ரூம், ஜன்னல்ல மலை. இருசப்பன்கிட்ட சொல்லியாச்சு. அம்மாவுக்கு'

அதோடு நின்றிருந்தது. கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லணும் என்று எழுத வந்திருப்பான். அதற்குள் டீ ஞாபகம் வந்திருக்கும்.

மணிமொழி அந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினாள். ஏன் அழுத்தினாள் என்று கேட்டால், வேலை பாதியில் நிற்கிறது, முடிக்க வேண்டும், அதைத் தவிர வேறு காரணம் அவளிடம் இல்லை.

"யாரு?" வயதான பெண் குரல்.

"திருவண்ணாமலையிலேர்ந்து பேசறேங்க. தீபத்துக்கு ரூம் கேட்டிருந்தீங்க."

"அப்பாடா!" அந்தக் குரல் பெரிதாக மூச்சு விட்டது. "எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? டீ குடிச்சிட்டு வந்து கூப்பிடறேம்மான்னார் அந்தத் தம்பி. அவ்வளவுதான், ஆளே காணோம். அவர் கொடுத்த அவரோட நம்பருக்கு நானா எத்தனை தடவை போட்டாலும் உபயோகத்துல இல்லைங்குது. ஆபீசுக்குப் போட்டா, தீபத்துக்கு இன்னும் திறக்கலைன்னு ஒரு பொண்ணு வெச்சிடறா. ரூம் இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரே. ஏம்மா, வேலையை விட்டுட்டாரா?"

மணிமொழி வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இதை அவள் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருந்ததில்லை. அவளுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

"இல்லீங்க" என்றாள். "அவரு தவறிட்டாரு."

இணைப்பு போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

"எப்பம்மா?"

"உங்ககிட்ட பேசிட்டு கீழ போனாருங்க. டீக்கடையிலயே."

"ஐயோ, என் சாமி. நான் என்னென்னவோ திட்டிட்டேனே அந்தப் பிள்ளையை." குரல் உடைந்தது. "நீ யாரும்மா?"

"அவரு வீட்டுக்காரிங்க."

அந்த அம்மாள் அழுதாள். முன்பின் பார்த்திராத ஒருத்தி, எங்கேயோ தஞ்சாவூர்ப் பக்கத்தில், போனைக் காதில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மணிமொழி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் கொஞ்சம் தணிந்ததும், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ரூம் கீதுங்கம்மா. அவரே பாத்து வெச்சிருக்காரு. அடி அண்ணாமலையில, கீழ் ரூம். படி ஏற வேணாம். ஜன்னலத் தொறந்தா மலதான். ஐயா படுத்துக்கினே தீபம் பாக்கலாம்."

"எனக்கு ரூம் கிடக்கட்டும்மா. நீ சாப்பிட்டியா?"

மணி பத்தரைகூட ஆகவில்லை. "சாப்ட்டங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உண்மையில் சாப்பிட்டாளா என்று ஞாபகம் இல்லை.

குறிப்பில் 'அம்மாவுக்கு' என்று நின்ற இடத்துக்கு அடுத்து, 'சொல்லியாச்சு' என்று அடித்தாள். சேமி என்பதை அழுத்தினாள். சக்கரம் வெகுநேரம் சுற்றியது. பிறகு பதிந்துவிட்டதாகச் சொன்னது. கீழே, வழக்கம்போல் தானாக ஒரு வரி விழுந்தது: பதிவு செய்தவர், ஆதவன். தேதி இன்றைய தேதி. திறக்கும் முன்பே பதிந்தது, அதுவும் இல்லாதவன் பெயரில்; அலுவலகச் சட்டப்படி அது இரட்டைத் தப்பு. அவள் திருத்தவில்லை.

கிரிக்கெட் பக்கத்தை மூடவில்லை. நாலு விக்கெட்டோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அணைக்கும் பொத்தானை அழுத்தியதும், இன்னும் சில பக்கங்கள் திறந்திருக்கின்றன, ஆனாலும் அணைக்கவா என்று கேட்டது. கணினி எப்போதும் இப்படித்தான், எல்லோரையும் ஒரே மாதிரி கேட்கும். அவள் விரல் மவுஸ்மேல் கிடந்தது. கனமாக இல்லை, லேசாகவும் இல்லை, யாருடைய விரலோ போல இருந்தது. அது ஆமாம் என்று அழுத்தியது.

திரை நீலமாகி, கறுப்பானது. பட்டியலில் ஆதவன் என்ற பெயருக்கு எதிரே இருந்த 'ஓடுகிறது' கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு 'அணைந்துள்ளது' என்று மாறியது.

கூடத்திலிருந்து கவியாவின் குரல்தான் முதலில் வந்தது.

"வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு!"

"எனக்கும் வந்துடுச்சு" என்றான் அருணேஷ். யாரோ கை தட்டினார்கள். இன்னொருவரும் தட்டினார். இத்தனை நாளாக உறைந்து கிடந்த திரைகள் எல்லாம் ஒரே மூச்சில் பறந்தன. பெங்களூர்க்காரரை மறுபடி கூப்பிட்டு, "சார், பதிஞ்சாச்சு சார்" என்று கவியா கூவுவது இந்த அறைவரை கேட்டது. அந்தக் கூடத்தில் இவ்வளவு சந்தோஷச் சத்தம் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

மணிமொழியின் மென்பொருளும் கூப்பிட்ட உடனே பதில் சொன்னது. சக்கரம் சுற்றக்கூட இல்லை. அவள் அதை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். இரண்டு தடவையும் உடனே வந்தது.

இராமலிங்கம் முகமெல்லாம் மலர்ந்து ஓடி வந்தார். இந்தத் தடவை வாசற்படியில் நிற்கவில்லை, உள்ளேயே வந்துவிட்டார். "சூப்பர்மா! சென்னைக்காரன வர வேணாம்னு சொல்லிட்டேன். கடைசில இன்னாதாம்மா பிரச்சின?"

"மெமரி பத்தல சார். ஒரு விஎம் சும்மாவே ஓடிக்கினு இருந்துச்சு. அணைச்சுட்டேன்."

"அடப்பாவி, இத்தன நாளா சும்மாவா? நம்ம பசங்க வேலைதான்." அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "யாருதும்மா அது?"

"யாருதும் இல்ல சார்" என்றாள் மணிமொழி.

சொன்ன சொல் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முதலாளி எதிரில் நிற்கிறாரே, கதவு திறந்திருக்கிறதே என்றெல்லாம் அது பார்க்கவில்லை. கூடத்தில் கைதட்டல் நின்றது. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அழாததை, காரியத்தில் அழாததை, எல்லாவற்றையும் சேர்த்துச் சத்தம் போட்டு அழுதாள்.